நாபோத்தின் தோட்டமும் எங்கள் வீட்டு எட்டு மணியும்

போன ஞாயிறு ஆராதனையில் சங்கீதம் 16 வாசித்த பையனுக்கு 13 வயது இருக்கும். கணீரென்ற குரல். "சிறப்பான சுதந்திரம் எனக்கு உண்டு" என்று வாசித்தான். புத்தகத்தில் இருப்பது சுதந்தரம். ஒரு எழுத்துதான் மாறிவிட்டது, யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவனுக்குப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்தது ஆகஸ்ட் 15-இன் சுதந்திரம். வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்றால் பாட்டன், அப்பன் வழியாக நம் கைக்கு வருகிற பங்கு. அதைப் பெறுகிறவன் சுதந்தரவாளி. அந்தப் பையனைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அந்தச் சொல்லின் அர்த்தத்தை அவன் காதில் போட வேண்டியவர்கள் என் வயதுக்காரர்கள், நாங்கள் போடவில்லை. வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை, அதனால்தான் இந்த நீளப் பதிவு.

சுதந்தரத்தை அலட்சியம் பண்ணியவன் என்றால் நம் எல்லாருக்கும் உடனே ஏசாதான் நினைவுக்கு வருவான். பயற்றங்கூழுக்காக சேஷ்டபுத்திர பாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய பங்கை, விற்றவன். அந்தக் கதையைக் கேட்டுக்கேட்டு நமக்கு ஒரு தைரியம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நான் விசுவாசத்தை விற்பேனா, மாட்டேன், ஆகவே நான் ஏசா இல்லை. ஆனால் எனக்குப் பயமாக இருப்பது ஏசாவின் கதை இல்லை, நாபோத்தின் கதை.

1 இராஜாக்கள் 21. யெஸ்ரயேலில் ஆகாப் ராஜாவின் அரமனையை ஒட்டி நாபோத்துக்கு ஒரு திராட்சத்தோட்டம். ராஜா வந்து கேட்கிறான், மரியாதையாகத்தான் கேட்கிறான். இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், வேண்டாமென்றால் விலைக்கிரயமாகப் பணம் தருகிறேன் என்கிறான். கவனியுங்கள், இது கூழுக்கு விற்கிற பேரம் இல்லை. இன்றைக்கு நம்மிடம் யாராவது இப்படிக் கேட்டால் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, ஜெபித்து, "கர்த்தர் வாசலைத் திறந்திருக்கிறார்" என்று சாட்சியும் சொல்லிவிடுவோம். நாபோத்தோ ஒரே வரியில் முடித்துவிட்டான்: "நான் என் பிதாக்களின் சுதந்தரத்தை உமக்குக் கொடாதபடி கர்த்தர் என்னைக் காப்பாராக."

ஏன் இவ்வளவு பிடிவாதம்? நிலம் அவனுடையது இல்லை, அதனால்தான். லேவியராகமம் 25-இல் கர்த்தர் சொல்லிவிட்டார், தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் புறக்குடிகள், அறுதியாய் விற்கக் கூடாது என்று. நாபோத்துக்கு முன் அவன் அப்பன் அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டான், அவனுக்குப் பின் அவன் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும், நடுவில் இவன். நடுவில் இருக்கிறவனுக்கு விற்கிற அதிகாரம் கிடையாது.

சரி, ஆகாபுக்கு அது எதற்கு? கீரைக்கொல்லை போட. இந்த வார்த்தையைப் பல வருஷம் தாண்டித் தாண்டி வாசித்திருக்கிறேன். திராட்சைக் கொடியை வைத்தால் காய்ப்புக்கே இரண்டு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும், அப்புறம் தலைமுறைக்கும் காய்க்கும். கீரை 25, 30 நாளில் கைக்கு வந்துவிடும். கீரையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இதே கீரைத்தோட்டம் உபாகமம் 11-இலும் வருகிறது. மோசே ஜனங்களிடம் எகிப்தையும் கானானையும் ஒப்பிட்டுச் சொல்கிறார். எகிப்தில் நீங்கள் விதைத்து, கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுகிற மாதிரி உங்கள் காலால் தண்ணீர் பாய்ச்சினீர்கள். நீங்கள் சுதந்தரிக்கப் போகிற தேசமோ வானத்தின் மழைத்தண்ணீரைக் குடிக்கிற தேசம், வருஷத்தின் துவக்கம் முதல் முடிவு வரை கர்த்தரின் கண்கள் அதன் மேல் இருக்கும் என்கிறார்.

நம்ம பக்கம் இதற்கு அழகான பேர் இருக்கிறது, வானம் பார்த்த பூமி. எகிப்தில் நைல் இருந்தது, தண்ணீர் உன் காலடியில், நீ வெட்டின வாய்க்காலில். எவ்வளவு வேண்டும், எப்போது வேண்டும் எல்லாம் நீ முடிவு செய்யலாம், அடிமையாக இருந்துகொண்டே. கானானில் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். கர்த்தர் தம் பிள்ளைகளுக்குச் சுதந்தரமாகக் கொடுத்ததே ஒரு மானாவாரி நிலத்தைத்தான்! அவர் மழை அனுப்பினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. தேவனுடைய சர்வ வல்லமையை, அவருடைய ஆளுகையை நம்புவது என்பதும், ஆவிக்குரிய சுதந்தரத்தைக் காப்பது என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள் என்று நான் நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான். நமக்கு வந்த பங்கே அந்த அண்ணாந்து பார்க்கிற வாழ்க்கைதான். ஆகாப் திராட்சத்தோட்டத்தைக் கீரைக்கொல்லையாக்கக் கேட்டபோது, கானானுக்குள்ளேயே ஒரு துண்டு எகிப்தை உண்டாக்கப் பார்த்தான் என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம், செம்மண் தேரியும் பனையும். பக்கத்தில்தான் முதலூர், 1799-இல் உண்டான கிறிஸ்தவக் குடியிருப்பு. விசுவாசத்தினிமித்தம் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்காக உண்டான ஊர். அந்தக் காலத்து ஜனங்கள் வீட்டில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு அதைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். வயிறார உண்டவர்கள் கொடுத்த அரிசி இல்லை அது.

எங்கள் ஊரில் ராத்திரி எட்டு மணிக்குக் கோயில் மணி அடிக்கும், குடும்ப ஜெபத்துக்கு. தாத்தா பனையிலிருந்து விழுந்து இறந்தபோது ஆச்சிக்கு 29 வயது, கையில் மூன்று பிள்ளைகள். அடக்கம் முடிந்த அன்று ராத்திரியும் எட்டு மணிக்கு ஆச்சி விளக்கை எடுத்து நடுவில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்தாளாம். பாட்டு வரவில்லை. வேதாகமத்தில் ஆசாரியன் ஏலி சொன்ன வார்த்தையை மட்டும் சொன்னாளாம்: "அவர் கர்த்தர், அவர் தமது பார்வைக்கு நலமானதைச் செய்வாராக." பெரியப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார்.

இதைக் கேட்டு, இதற்கும், எல்லாம் தலைவிதி என்று உட்கார்ந்துவிடுவதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நண்பர் கேட்டார். நிறைய வித்தியாசம் இருக்கிறது. விதிக்கு முகம் கிடையாது, அதோடு சண்டை போட முடியாது, அதனிடம் அழ முடியாது. ஆச்சி சண்டை போட்டாள். பகலில் கருப்பட்டிக்கு விலை குறைத்த வியாபாரியோடு, ராத்திரியில் ஆண்டவரோடு. "ஏன்யா இப்படிச் செஞ்சீரு" என்று அவள் ஜெபத்தில் கேட்டதை நானே சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். கெத்செமனேயில் நம் ஆண்டவரும் முதலில் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்றுதானே கேட்டார். கேட்ட பிறகுதான் உம்முடைய சித்தம் என்றார். பிதா என்று தெரிந்தால்தான் கேட்கவும் முடியும், விட்டுக்கொடுக்கவும் முடியும்.

ஊரில் ஒரு பழமொழி உண்டு, தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான். பனை பலன் தர 15, 20 வருஷம் ஆகும். எபிரெயர் 11 வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழிதான் காதில் ஒலிக்கும். அந்த முற்பிதாக்கள் எல்லாரும் வாக்குத்தத்தங்களை அடையாமல், தூரத்திலே கண்டு, அணைத்துக்கொண்டு மரித்தார்கள் என்று இருக்கிறதே, அப்படியே பனை வைத்தவர்கள். ஆச்சியும் அப்படித்தான்.

அவள் வைத்ததை நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

என் மகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் ஓய்வுநாள் பள்ளியை நிறுத்தினோம். ஞாயிறு காலை நீட் பயிற்சி மையத்தில் தேர்வு. ராத்திரி எட்டு முதல் பத்து வரை ஆன்லைன் வகுப்பு, ஆகவே குடும்ப ஜெபமும் போயிற்று. யாரும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. "ரெண்டு மூணு வருஷம்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று நானும் மனைவியும் பேசிக்கொண்டோம். இதைவிட நல்ல தோட்டம் என்று ஆகாப் சொன்னது இதைத்தான். எங்கள் சபையில் ஒன்பது, பத்து வகுப்புப் பிள்ளைகளின் வரிசையைப் பாருங்கள், காலியாக இருக்கும். பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான்.

அதற்குப் பேர் பொறுப்பு என்று நான் வைத்திருந்தேன். உண்மையில் அது பயம். பிள்ளையின் எதிர்காலத்தைக் கர்த்தரின் கையில் விட எனக்குத் துணிவில்லை, என் காலால் தண்ணீர் பாய்ச்சிவிட வேண்டும் என்று இருந்தேன். வருஷப்பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை, அந்த வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் எழுதிய அட்டையை, மட்டும் அவள் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தேன், அதில் மருத்துவ இடம் எழுதியிருப்பது மாதிரி. இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த அட்டைகளை நாம் கையாளுகிற விதம் எனக்கு இப்போது சங்கடமாக இருக்கிறது. அதோடு, ஜனவரி கூட்டங்களில் சுதந்தரம் என்றாலே மனை, வீடு, கார் என்று பிரசங்கம் கேட்டுக் கேட்டு, 1 பேதுருவில் இருக்கிற அழியாததும் மாசற்றதும் வாடாததுமான சுதந்தரத்துக்கு நம் ஜனங்களிடம் ஆமென் சத்தமே குறைந்துபோய்விட்டது.

இரண்டு முறை எழுதினாள். இடம் கிடைக்கவில்லை. இரண்டாவது முறை மதிப்பெண் வந்த அன்று ராத்திரி மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போது அவள் கேட்டாள்: "அப்பா, ஆச்சி இருந்திருந்தா இன்னிக்கு என்ன செஞ்சிருப்பாங்க?"

எனக்குத் தெரியும். எட்டு மணிக்கு விளக்கை எடுத்து வைத்திருப்பாள். எனக்குத் தெரிந்தது என் பிள்ளைக்குத் தெரியவில்லை, அவள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தேர்வில் தோற்றது எனக்குப் பெரிய வலி இல்லை. தோல்வி வரும் நாளில் என்ன செய்வது என்று ஐந்து தலைமுறையாகக் கைமாறி வந்ததை நான் என் காலத்தில் நிறுத்தியிருந்தேன் என்பதுதான் வலித்தது.

படிக்க வைக்காதீர்கள், நல்ல வேலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தீர்க்கதரிசி எரேமியா, எருசலேமைப் பாபிலோன் சேனை முற்றுகை போட்டிருந்த நேரத்தில், தானே காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடந்துகொண்டு, ஆனதோத்தில் இருந்த நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினான். சாட்சி வைத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, மண்பாண்டத்தில் வைத்தான். கர்த்தரை நம்புகிறவன் பத்திர வேலையையும் ஒழுங்காகச் செய்வான். எதற்காக எதை நிறுத்துகிறோம் என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நாபோத்தைக் கர்த்தர் காப்பாற்றவில்லை. இரண்டு பொய்ச்சாட்சிகள், தேவதூஷணம் என்ற குற்றச்சாட்டு, ஊருக்குப் புறம்பே கொண்டுபோய்க் கல்லெறிந்தார்கள். தீர்க்கதரிசி எலியா வந்து ஆகாபிடம் நியாயத்தீர்ப்பைச் சொன்னார், உண்மைதான், ஆனால் அது நாபோத் செத்த பிறகு. இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப்போகிற பிரசங்கங்களை என்னால் ஏற்க முடியவில்லை. பொய்ச்சாட்சி, தேவதூஷணம், நகரத்துக்குப் புறம்பே: இதே மூன்றும் இன்னொருவருக்கும், நம் ஆண்டவர் இயேசுவுக்கும், நடந்தது. "இவன் சுதந்தரவாளி, இவனைக் கொன்று, இவன் சுதந்தரத்தைக் கட்டிக்கொள்வோம்" என்று உவமையில் தோட்டக்காரர் எஜமானின் மகனைப் பார்த்துச் சொன்னதை அவரே சொல்லிக்காட்டி, அவரே நகர வாசலுக்கு வெளியே போனார். அவர் போனதால்தான் ஒரு துண்டு நிலமும் இல்லாமலிருந்த நம் தாத்தாமார் சுதந்தரவாளிகள் ஆனார்கள். நாபோத்தின் ரத்தத்துக்கு நான் பதில் தேடிப் போனால் அங்கேதான் போய் நிற்கிறேன், அதற்கு மேல் எனக்கு விளக்கம் சொல்லத் தெரியாது.

மகள் இப்போது பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். விடுதியில் இருக்கிறாள். எட்டு மணிக்கு வீடியோ அழைப்பு, பத்து நிமிஷம், சில நாள் சிக்னல் கிடைக்காது. நேற்று நாபோத்தின் அதிகாரத்தை அவள்தான் வாசித்தாள். முடித்துவிட்டு, "அப்பா, நாபோத்துக்குப் பிள்ளைங்க இருந்தாங்களா?" என்று கேட்டாள். இருந்தார்கள், அவர்களையும் கொன்றுவிட்டார்கள், 2 இராஜாக்கள் 9-இல் இருக்கிறது என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"சரிப்பா, நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றாள்.