ரெண்டு விரல்

அக்கா மகன் பர்மிங்காமுக்குப் படிக்கப் போன முதல் மாதம். படிப்புக்கு நடுவே ஒரு கடையில் வேலை. கூட்ட நேரத்தில் கூட வேலை பார்ப்பவர் தூரத்திலிருந்து "எத்தனை பெட்டி?" என்று கேட்டிருக்கிறார். நம்ம டீக்கடையில் ரெண்டு டீ சொல்கிற மாதிரி, புறங்கை அவருக்குத் தெரிய ரெண்டு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டான் இவன். அவர் முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க இவனிடம் பேசவே இல்லை. "நான் என்ன மாமா தப்பு பண்ணேன்?" என்று ராத்திரி போனில் கேட்டபோது குரல் கம்மியிருந்தது.

உள்ளங்கை எதிரே இருப்பவரைப் பார்த்தால் அது சர்ச்சில் பிரபலமாக்கிய வெற்றிச் சின்னம். அதையே திருப்பிப் புறங்கையைக் காட்டினால் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கெட்ட வசவு. 1992 ஜனவரியில் அமெரிக்க அதிபராக இருந்த சீனியர் புஷ், கான்பெராவில் காருக்குள்ளிருந்து இப்படிக் காட்டிவிட்டுப் பத்திரிகைகளில் அடிபட்டார். அமெரிக்க அதிபருக்கே தெரியவில்லை, இந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்?

சைகை ஒரு பக்கம் என்றால் அதற்கான சொற்கள் இன்னொரு பக்கம். "ஃப்ளிப்பிங் தி பேர்ட்" என்றால் வசவாக நடுவிரலைக் காட்டுவது. பறவை எங்கே வந்தது? அந்தக் கால நாடகக் கொட்டகைகளில் பிடிக்காத நடிகரைப் பார்த்து ஜனங்கள் வாத்து மாதிரி சீறுவார்கள். அதற்குத்தான் முதலில் "பேர்ட்" என்று பெயர். பிறகு விரலுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. "டூ ஃபிங்கர்ஸ் அப்" காட்டினார் என்று பிரிட்டிஷ் பத்திரிகை எழுதினால், 'போடா' என்று அலட்சியம் செய்தார் என்று அர்த்தம். விரலே தூக்கியிருக்க வேண்டாம்.

தெரியாததால் ஏமாந்தவர்களும் உண்டு. 1968-இல் வட கொரியா பிடித்துவைத்த அமெரிக்க உளவுக் கப்பல் பியூப்லோவின் மாலுமிகள், பிரசாரப் படங்களில் நடுவிரலை நீட்டிக்கொண்டு நின்றார்கள். வட கொரியர்கள் கேட்டதற்கு ஹவாய்த் தீவில் நல்லதிர்ஷ்டத்துக்குக் காட்டும் சைகை என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவின் டைம் பத்திரிகை உண்மையை எழுதியதும் மாலுமிகளுக்கு விழுந்த அடி கொஞ்சநஞ்சமல்ல.

வெளிநாடு போக எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிறோம். வரைபடத்தை விளக்கி நூற்றைம்பது வார்த்தை எழுதச் சொல்லித் தருகிறார்கள். இதை மட்டும் அசிங்கம் என்று யாரும் வாய் திறப்பதில்லை. என் பிள்ளைகள் திட்டப் பழக வேண்டாம். தங்களைத் திட்டுகிறார்கள் என்பது புரியட்டும், தெரியாமல் பிறரைத் திட்டாமல் இருக்கட்டும். இதைச் சொல்லித் தராத வாத்தியார்கள் மேல் எனக்கு நிஜமாகவே கோபம்.

மறுநாள் அவன் அந்த மனிதரிடம் போய், எங்க ஊரில் இது வெறும் எண்ணிக்கை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அவர் இவன் கையைப் பிடித்து, உள்ளங்கை வெளியே தெரியத் திருப்பி வைத்துக் காட்டினாராம்.