ரிக் ரைட் உபரி ஆள் இல்லை

இரண்டு நாளாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தப் பட்டியலைப் பற்றித்தான் எழுதுகிறேன். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். பெரிய ராக் குழுக்களில் 'இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது' என்று சொல்லத்தக்க ஆட்களாம். அதில் இங்கிலாந்து ராக் குழுவான பிங்க் ஃப்ளாய்டின் கீபோர்டு கலைஞர் ரிக் ரைட்டுக்கு மூன்றாவது இடம். யாரோ தெரியாதவர் எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். எழுதியவர் பல வருடமாக இசையைப் பற்றி எழுதுகிறவர், நான் மதிக்கிறவர். அதனால்தான் வலிக்கிறது.

பாட்டு வரிகள் ரோஜர் வாட்டர்ஸ், கிட்டார் டேவிட் கில்மோர், கீபோர்டு யார் வாசித்தால் என்ன என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

யார் வாசித்தால் என்னவா? 1971ல் வந்த 'எக்கோஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 23 நிமிடத்துக்கு மேல் ஓடும். அது எதில் ஆரம்பிக்கிறது? பியானோவில் ஒற்றை ஸ்வரம். லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வழியாக வரும்போது தண்ணீருக்கு அடியிலிருந்து யாரோ கூப்பிடுவது போல இருக்கும். வாசித்தவர் ரைட். பாடும் இரண்டு குரல்களில் ஒன்றும் அவருடையதுதான். அந்தப் பாட்டைக் கேட்ட யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்த ஒற்றை ஸ்வரம், கிட்டார் இல்லை.

அப்புறம் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. 1973ல் வந்தது, 1988க்குள் அமெரிக்க பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 741 வாரம் இருந்தது. அதில் 'அஸ் அண்ட் தெம்' இசை முதலில் ரைட்டின் பியானோவில் பிறந்தது. இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனி தன் படத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய மெட்டு அது. சில வருடம் சும்மா கிடந்து இந்த ஆல்பத்துக்குள் வந்தது. 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டில் பாடகி கிளேர் டோரி வார்த்தையே இல்லாமல் கதறுகிறாரே, அந்தக் குரல் நிற்கும் கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள், ரைட் போட்டவை. 'ப்ரீத்' பாட்டில் வரும் ஒரு விசித்திரமான கார்டை ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்திலிருந்து எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இந்தக் குழுவுக்குள் ஜாஸ் வந்த வழி அவர்தான். இதையெல்லாம் எடுத்துவிட்டு மிச்சம் இருப்பதைக் கேட்டுப் பாருங்கள்.

"1979ல் குழுவே அவரை வெளியே அனுப்பியதே, நீ என்ன பேசுகிறாய்?" என்று கேட்பீர்கள். சரி, பேசலாம். 'தி வால்' ஆல்பத்தின் பதிவின்போது அவர் பெரிதாக எதுவும் கொண்டுவரவில்லை என்பது உண்மை. 1977ல் வந்த 'அனிமல்ஸ்' ஆல்பத்திலேயே இசையமைத்தவர்கள் வரிசையில் அவர் பெயர் இல்லை. நான் மறைக்கவில்லை. ஆனால் அப்போது நிலைமை என்ன? குழு முதலீடு செய்த பணம் மூழ்கிவிட்டது. வரி கட்டுவதிலிருந்து தப்ப பிரான்ஸில் போய்ப் பதிவு செய்கிறார்கள். ரைட்டின் மணவாழ்க்கை உடைந்துகொண்டிருந்தது. விடுமுறையைப் பாதியில் விட்டு வர மறுத்தார் என்பதற்காக, 1965ல் கூடவே ஆரம்பித்தவரை, ரீஜென்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படித்த காலத்து நண்பனை, போ என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு நடந்த கச்சேரிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். செலவு எகிறி மற்ற மூவரும் நஷ்டப்பட, ரைட் மட்டும் பணத்தோடு வீட்டுக்குப் போனார். இதை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. தான் கட்டிய வீட்டில் ஒருவன் கூலிக்கு வேலை பார்த்த கதை அது.

வாட்டர்ஸ் குழுவை விட்டுப் போன பிறகாவது ரைட்டுக்கு மரியாதை கிடைத்ததா? 1987ல் வந்த ஆல்பத்தின் உள்ளே கில்மோரும் டிரம்மர் மேசனும் மட்டும் இருக்கும் படம். ரைட்டின் பெயர் வாசித்தவர்களின் வரிசையில் ஒன்று, அவ்வளவுதான். அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும். காரணம் இருக்கிறது.

நான் சில காலம் கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தேன். ஃபிளெக்ஸில் பாடகர்கள் படம், கிட்டார் தம்பி படம்கூட இருக்கும். எங்கள் படம் இருக்காது. குழு நடத்தியவர் என் முன்னாலேயே ஒருவரிடம், "கீபோர்டு ஆளு கிடைக்கலைன்னா லேப்டாப்ல போட்டுக்கலாம்ணே" என்றார். ஒருநாள் பாதிப் பாட்டில் என் கீபோர்டு லைன் செத்துவிட்டது. பாடகர் பாடுகிறார், தபேலா ஓடுகிறது, கிட்டாரும் இருக்கிறது. ஆனால் பாட்டு எலும்பாக நின்றது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு எது குறைந்தது என்று சொல்லத் தெரியவில்லை, முகம் மட்டும் மாறியது. அடுத்த கச்சேரி ஃபிளெக்ஸிலும் எங்கள் படம் இல்லை.

"ஒரு பட்டியலுக்கு இவ்வளவு கோபமா?" என்பவர்களுக்கு: ஆமாம், இவ்வளவு கோபம்தான்.

"அப்படியானால் வாட்டர்ஸின் வரிகள் ஒன்றும் இல்லையா?" என்பவர்களுக்கு: நான் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த வரிகளோடுதான் நானும் வளர்ந்தேன். ஆனால் 2023ல் அவர் 'டார்க் சைட்' ஆல்பத்தைத் தனியாக மறுபடி பதிவு செய்தாரே, கேட்டீர்களா? கிட்டார் சோலோக்கள் இல்லை. கிளேர் டோரியின் குரல் இருந்த இடத்தில் வாட்டர்ஸ் பேசுகிறார். வார்த்தைகள் எல்லாம் அங்கேயே இருக்கின்றன. எத்தனை பேர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று நேர்மையாகச் சொல்லுங்கள்.

சண்டை போட்டவர்கள் பேட்டி கொடுத்தார்கள். வாட்டர்ஸ் ஒரு பக்கம், கில்மோர் ஒரு பக்கம், நாற்பது வருடமாக. நாமும் கட்சி பிரிந்து அதையே வரலாறு என்று படித்தோம். ரைட் அதிகம் பேசாதவர். பேசாதவனுக்குப் பங்கு இல்லை என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் இதைத்தானே செய்கிறோம்? சத்தமாகச் சொல்லிக்கொள்கிறவன் பெயர் மட்டும் நிற்கிறது.

1975ல், ஆரம்பத்தில் குழுவின் பாடகராக இருந்து பிறகு விலகிய சிட் பாரெட்டை நினைத்து அவர்கள் செய்த 'ஷைன் ஆன் யூ கிரேஸி டைமண்ட்' என்ற அந்த நீண்ட பாட்டின் கடைசிப் பகுதி ரைட் தனியாக அமைத்தது. அது முடியும் இடத்தில் மினிமூக் என்ற சின்தசைசரில் சிட்டின் பழைய பாட்டான 'சீ எமிலி ப்ளே' மெட்டைச் சில நொடி வாசித்துவிட்டுப் போகிறார். நண்பனைப் பற்றி அவர் சொல்ல நினைத்தது அவ்வளவுதான். எனக்கு அது போதும். ஒரு ஆல்பம் முழுக்க எழுதினாலும் அதை விஞ்ச முடியாது என்பேன்.

1994ல் 'தி டிவிஷன் பெல்' ஆல்பத்தின் ஐந்து பாடல்களில் அவர் பெயர் இருக்கிறது. அதில் கிராமி வாங்கிய 'மரூண்ட்' வரிகளே இல்லாத இசை, கில்மோரும் ரைட்டும் சேர்ந்து செய்தது. உபரி ஆளுக்கு விருதில் பாதி எப்படி வந்தது?

2006ல் கில்மோர் தனியாகக் கச்சேரிப் பயணம் போனபோது ரைட்டை அழைத்துக்கொண்டு போனார். போலந்தின் க்டான்ஸ்க் நகரத்தில் இருவரும் சேர்ந்து 'எக்கோஸ்' வாசித்த பதிவு இருக்கிறது, பாருங்கள். 2008 செப்டம்பர் 15 அன்று ரைட் புற்றுநோயில் இறந்தார். 65 வயது. அதற்குப் பிறகு கில்மோர் பிங்க் ஃப்ளாய்ட் பாடல்கள் பலவற்றை மேடையில் வாசித்தார். 'எக்கோஸ்' மட்டும் வாசிக்கவில்லை. ரிக் இல்லாமல் அது முடியாது என்று சொல்லிவிட்டார். கில்மோர் கூப்பிட்டால் உலகத்தின் எந்தக் கீபோர்டு ஆளும் ஓடி வருவான். யார் வாசித்தாலும் ஒன்றுதான் என்றால், அவர் ஏன் அந்தப் பாட்டையே நிறுத்த வேண்டும்? பட்டியல் போட்டவர் இதற்கு மட்டும் பதில் எழுதட்டும், மற்றதை நான் விட்டுவிடுகிறேன்.