அபராதம் மட்டுமா, பெர்கர் வழக்கையும் எழுதுங்கள்

அமெரிக்க நீதிபதி கெனசா மவுண்டன் லாண்டிஸ் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது. 1907-ல் எண்ணெய்க் கோடீஸ்வரர் ராக்ஃபெல்லரையே சிகாகோ கோர்ட்டுக்கு வரவழைத்தவர், துணிச்சல்காரர்தான். ஆனால் ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனிக்கு லாண்டிஸ் போட்ட 2 கோடியே 92 லட்சத்து 40 ஆயிரம் டாலர் அபராதம் மறுவருடமே மேல்முறையீட்டில் ரத்தானதைச் சொல்லாமல் விட்டீர்களே!

எனக்கு ஆறாதது விக்டர் பெர்கர் வழக்குதான். முதல் உலகப் போரை எதிர்த்து எழுதிய, ஜெர்மன் பின்னணி கொண்ட மில்வாக்கி நகரத்து சோஷலிஸ்ட் அவர். லாண்டிஸுக்கு ஜெர்மன் வம்சாவளியினர் மீது காழ்ப்பு இருக்கிறது, வேறு நீதிபதி விசாரிக்கட்டும் என்று பெர்கர் தரப்பு பிரமாணப் பத்திரம் கொடுத்தது. ஜெர்மன் வம்சாவளியினர் நெஞ்சில் துரோகம் நாறுகிறது என்று லாண்டிஸ் பேசியதாகவே அதில் எழுதியிருந்தது. தன் மீது வந்த புகாரைத் தானே தள்ளிவிட்டு, தானே விசாரித்து, 1919-ல் 20 ஆண்டு சிறை விதித்தார். என்ன நியாயம் இது? மனு வந்ததுமே அவர் ஒதுங்கியிருக்க வேண்டும் என்று சொல்லி 1921-ல் சுப்ரீம் கோர்ட் தண்டனையை ரத்து செய்தது.

அப்புறம் லாண்டிஸ் ஏற்ற அந்த பேஸ்பால் கமிஷனர் பதவி, அதாவது அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் தலைமைப் பதவி. 1920 நவம்பரிலேயே அதை ஒப்புக்கொண்டும் 1922 வரை நீதிபதி நாற்காலியை விடவில்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமே கண்டனத் தீர்மானம் போட்டது. இதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.