'புட் ஆஃப்' என்றால் ரத்து இல்லை

ஆங்கிலத்தில் 'புட் ஆஃப்' (put off), 'கால் ஆஃப்' (call off) இரண்டுக்கும் ரத்து செய்வது என்றுதான் பொருள், எதை வேண்டுமானாலும் போடலாம் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. ரத்து என்பது 'கால் ஆஃப்' மட்டும்தான். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது. தமிழிலேயே பாருங்கள், 'தள்ளி', 'போடு' என்று அச்சு அசலாக அதே இரண்டு துண்டுகள்! (இப்படி வினையோடு ஒரு சிறு சொல் சேர்ந்து தனிப் பொருள் தரும் 'ஃப்ரேசல் வெர்ப்' எல்லாமே இவ்வளவு வசதியாக மாட்டாது, அது வேறு கதை.)

'த இன்டர்வியூ ஹேஸ் பீன் புட் ஆஃப்' என்று எனக்கு ஒருமுறை மெயில் வந்தது. உங்களைப் போலவே நானும் வேலை போச்சு என்று முடிவுகட்டிப் பேசாமல் இருந்துவிட்டேன். அடுத்த வரியில் 'டில் தர்ஸ்டே' என்று இருந்ததைக் கவனிக்கவே இல்லை. 'கால் ஆஃப்' ஆகியிருந்தால் அந்த வியாழக்கிழமைக்கு அங்கே இடமே கிடையாது.

அப்புறம், உங்கள் உதாரணத்தில் 'புட் ஆஃப் இட்' என்று இருக்கிறது. 'புட் ஆஃப் த மீட்டிங்', 'புட் த மீட்டிங் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயர் வந்தால் நடுவில்தான் நிற்கும்: 'புட் இட் ஆஃப்'. பின்னால் வினை வந்தால் 'இங்' சேர்க்க வேண்டும்: 'ஐ கெப்ட் புட்டிங் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்'. 'டு கோ' வராது.

இன்னொரு பொருளும் உண்டு. 'த ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால் அந்த நாற்றத்தில் எனக்குச் சாப்பிடும் ஆசையே விட்டுப்போனது என்று அர்த்தம். இங்கே எதுவும் தள்ளிப்போகவும் இல்லை, ரத்தாகவும் இல்லை.