ஹோலில் சுருட்டி வைத்த பாய்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோலில் ஒரு பாய் எப்போதும் சுருட்டியபடி இருக்கும். ஊரிலிருந்து கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கானது. போன கிழமை வன்னியிலிருந்து பெரியம்மா வந்தார். இரவு பஸ்ஸில் ஏறி, விடிய நாலரைக்குக் காலி வீதியில் இறங்கினார். ஒரு பையில் உடுப்பு, ஒரு பையில் எங்களுக்கு முருங்கைக்காய், மூன்றாவதில் கிளினிக் கொப்பியும் மருந்துத் துண்டுகளும். சிறுநீரகத்தில் கல். சிடி ஸ்கேன் எடுக்க மெஷின் இல்லை என்று அங்குள்ள டொக்டர் கடிதம் எழுதும்போது, யாழ்ப்பாணத்துக்கா கொழும்புக்கா என்று கேட்டிருக்கிறார். கொழும்பில் நாங்கள் இருக்கிறோம், பாய் இருக்கிறது. இங்கே வந்தால் ஸ்கேனுக்கு மூன்று கிழமை கழித்துத் திகதி. "அப்ப போயிட்டு வாறன் தம்பி" என்று அன்றிரவே திரும்பிவிட்டார். இரண்டு பேருக்குப் போய்வர பஸ் காசு, கூட வந்த மகனின் இரண்டு நாள் கூலி. இலவச வைத்தியம்தான், சரி.

மாகாண சபைகளைக் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் என்றால் நாங்கள் காணி, பொலிஸ் என்றே பேசிப் பழகிவிட்டோம். சுகாதாரமும் அதற்குள்தான் இருக்கிறது. 1987இல் வந்த அந்தத் திருத்தத்துக்குப் பிறகு ஆதார வைத்தியசாலைகளும் பிரதேச வைத்தியசாலைகளும் பெரும்பாலும் மாகாணத்திடம். போதனா வைத்தியசாலைகள் கொழும்பு அமைச்சிடம். காசைப் பங்கிட நிதி ஆணைக்குழு. எதைப் பார்த்துப் பங்கிட வேண்டும் என்று அரசியலமைப்பே சொல்கிறது: குடித்தொகை, தலா வருமானம், ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய தேவை. நல்ல வார்த்தைகள். தூரம் என்ற வார்த்தைதான் அங்கே இல்லை.

2012 கணக்கெடுப்பின்படி வன்னியின் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. பரப்போ 2,600 சதுர கிலோமீட்டர். கொழும்பு மாவட்டத்தின் 700 சதுர கிலோமீட்டருக்குள் 23 லட்சம் பேர். தலையை எண்ணிக் காசு கொடுத்தால், அங்கே ஓர் அம்புலன்ஸ் ஓட வேண்டிய தூரத்துக்கு யார் டீசல் அடிப்பது? ஒரு நோயாளிக்கு ஆகும் செலவு இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. எனக்கு இதில் ஒரேயொரு கோரிக்கைதான்: பங்கு போடும் கணக்கில் தூரத்தையும் சேர்க்க வேண்டும்.

'வரி கட்டுவது கொழும்பு, அதனால் கொழும்புக்குக் கூடத்தான் வரும்' என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். மலையகத்து ஹட்டன் தேயிலையும் கொழும்பு ஏலத்தில்தான் விலைபோகிறது. கம்பனியின் தலைமை அலுவலகமும் இங்கேதான். கணக்கு இங்கே எழுதப்படுவதால் கொழுந்தும் இங்கே பறித்ததாகிவிடுமா?

மாகாண சபைகள் ஒழுங்காக நடந்தன என்று நான் சொல்லவரவில்லை. வாகனம், திறப்பு விழா என்று போனதும் உண்டு. ஆனால் மாகாணத்துக்கு வருவதில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடுகிறது. மெஷின் வாங்குகிற காசுதான் இழுபடும். அதனால்தான் ஓர் ஆஸ்பத்திரி கொஞ்சம் பெருத்தால் 'மத்திய அரசு எடுக்கட்டும்' என்று ஊர்க்காரரே மகஜர் கொடுக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். காசு இருக்கிற பக்கம்தானே சாய்வார்கள்? வட மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர்தான். மெஷின் எங்கே என்று கேட்கவும் ஒரு உறுப்பினர் இல்லை.

2011இல் தெற்கு முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் நடந்தே காசு சேர்த்தார்கள், தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காக. 2016இல் காலி கராப்பிட்டிப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்காகத் திரும்பவும் நடந்தார்கள். நடந்தவர்களைக் கும்பிடலாம். ஆனால் கட்டில் போடக் குடிமக்கள் நடக்க வேண்டியிருந்தது என்பதைப் பற்றித் திறைசேரியில் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அதே அலுவலக நண்பர் கடைசியில், "பெரிய மெஷினெல்லாம் கொழும்பில் இருக்கட்டுமே, பஸ் இருக்குத்தானே" என்றார். கல் வெளியேற நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார் டொக்டர். பெரியம்மா பஸ் ஏறுகிற நாளில் மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டும் குடிப்பதில்லை. இரவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல அவருக்கு வெட்கம்.