மெட்ஃபார்மின் பேட்ச்: அச்சிடும் கணக்கு இடிக்கிறது

"சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினைக் கரைத்து இன்க்ஜெட் பிரிண்டரின் கார்ட்ரிட்ஜில் ஊற்றினால் மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டும் பேட்ச் அச்சிட்டுக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொல்வது தவறு. கணக்கைப் பாருங்கள்.

ஒரு துளி 10 பிக்கோலிட்டர், அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்தால், ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 56,000 துளி, அதாவது 0.56 மைக்ரோலிட்டர். கரைசலில் மருந்து மில்லிக்கு 50 மி.கி. என்றால் விழுவது 28 மைக்ரோகிராம். 10 சதுர செ.மீ. பேட்ச்சில் ஒருமுறை அச்சிட்டால் 0.28 மி.கி. வழக்கமான ஒரு மாத்திரையின் 500 மி.கி.க்கு அதே இடத்தில் சுமார் 1,800 முறை ஓட்ட வேண்டும்! அப்படியே ஏற்றினாலும், மெட்ஃபார்மின் நீரில் எளிதில் கரையும், மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு. தோலின் கொழுப்பு நிறைந்த மேலடுக்கு அதை உள்ளே விடாது.

இம்முறை பொருந்துவது ஈஸ்ட்ராடியோல் என்ற ஹார்மோன் போன்றவற்றுக்கு: நாளைக்கு 25 முதல் 100 மைக்ரோகிராம் போதும், கொழுப்பிலும் கரையும். அங்கே அச்சிடும் பரப்பைக் கூட்டிக் குறைத்து ஆளுக்கேற்ற அளவு தரலாம்.

"வெப்பத்தில் மருந்து கெட்டுவிடும்" என்று இன்னொருவர் சொன்னதும் மிகை. சூட்டால் துளியைத் தள்ளும் தெர்மல் அச்சுத் தலையில் சூடாவது மெல்லிய படலம் மட்டும், அதுவும் சில மைக்ரோவினாடி. மின்சாரத்தால் வளையும் படிகம் துளியைத் தள்ளும் பீசோ தலையில் அந்தச் சூடும் இல்லை. உண்மையான தலைவலி, துளி வெளியேறும் நுண்ணிய முனைகள் அடைபடுவது. கரைப்பான் ஆவியாகி மருந்து முனையிலேயே படிகமாகும். அதைத் தடுக்கத்தான் எளிதில் ஆவியாகாத கிளிசரால் அல்லது புரோப்பிலீன் கிளைக்கால் சேர்க்கிறார்கள். அதிகமானால் பாகுநிலை ஏறித் துளி சரியாகப் பிரியாது. மருந்துக் கரைசல் பெரும்பாலும் நிறமற்றது, அதனால் சில முனைகள் அடைத்து அளவு குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. பேட்ச்சைக் கரைத்து, மருந்தின் அளவைத் துல்லியமாகக் காட்டும் எச்.பி.எல்.சி. என்ற ஆய்வகக் கருவியில் அளந்தால்தான் பிடிபடும். வீட்டில் அதற்கு வழியே இல்லை.