போட்டோ எடுத்தது யாரு?

சனிக்கிழமை நான் போட்ட தரங்கம்பாடிப் படத்துக்குக் கீழே நடந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். பார்க்காதவர்களுக்காக அதை மறுபடி எடுத்து ஒட்டப் போவதில்லை. மதில்மேல் உட்கார்ந்திருக்கிறேன், பின்னால் கடல். "தனியா வந்தேன். நல்லா இருக்கு" என்று எழுதியிருந்தேன். எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் வந்து, "தனியாவா? அப்ப போட்டோ எடுத்தது யாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார். கூடவே சிரிக்கிற பொம்மை.

அன்று ராத்திரியே அது குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா போன் பண்ணினார். திட்டவில்லை. "கொஞ்சம் பாத்துப் போடும்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். அவர் குரல் இறங்கியிருந்தது. தன் அண்ணன் முறைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். சின்ன வயதிலிருந்து யாருக்கும் பயப்படாதே என்று சொல்லி வளர்த்த மனிதரை ஒரே வரியில் இப்படி ஆக்கிவிட்டார்கள்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தை யார் எடுத்தார்கள் என்று இந்தப் பதிவிலும் சொல்ல மாட்டேன். கேட்கிறவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

எனக்காகப் பேசினவர்களிடமும் ஒரு வருத்தம் இருக்கிறது. "டைமர் வெச்சு எடுத்திருப்பா அங்கிள்", "யாராவது டூரிஸ்ட் லேடீஸ்கிட்ட குடுத்து எடுக்கச் சொல்லியிருப்பா" என்று நாலைந்து பேர் பதில் போட்டிருந்தீர்கள். நல்ல மனசோடுதான் போட்டீர்கள், தெரியும். ஆனால் டைமர் என்றால் நான் நல்ல பெண், ஓர் ஆண் எடுத்திருந்தால் வேறு மாதிரி என்று அவரோடு சேர்ந்து நீங்களும் ஒத்துக்கொண்டது போல ஆகிவிட்டதே. அவர் கேள்விக்கு எல்லோரும் பதில் தேடினீர்கள். இதைக் கேட்க நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன வருஷம் என் தம்பி சிநேகிதர்களோடு லடாக் போனான். மணாலியிலிருந்து லே வரைக்கும் பைக்கில். அங்கிருந்து மேலே ஏறி, கர்துங் லா கணவாயின் போர்டு பக்கத்தில் நின்று படம் போட்டான். இதே பெரியப்பா "சிங்கம்டா நீ" என்று எழுதினார். ஸ்டேட்டஸிலும் வைத்துக்கொண்டார். 5,000 மீட்டருக்கு மேலே, மூச்சு வாங்குகிற உயரம், ஒரு பக்கம் பள்ளம். வீட்டில் அம்மா தூங்கவே இல்லை. அந்தப் படத்தை யார் எடுத்தது என்று யாராவது கேட்டார்களா? ராத்திரி எங்கே தங்கினான், யாரோடு தங்கினான், எதற்குப் போனான் என்று கேட்டார்களா? தம்பி போனதில் எனக்குப் பொறாமை இல்லை. அவன் போக வேண்டியவன்தான். மயிலாடுதுறையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற தரங்கம்பாடிக்கு நான் போனதற்கு மட்டும் ஏன் சாட்சி கேட்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

"அக்கறையிலதாம்மா கேட்டாரு" என்று அத்தை சொல்கிறார். அத்தை, அக்கறை இருக்கிறவர் போன் பண்ணிக் கேட்பார். சாப்பிட்டியா, பஸ் கிடைச்சுதா, ரூம் நல்லா இருக்கா என்று கேட்பார். ஊரே பார்க்கிற இடத்தில் சிரிக்கிற பொம்மை போட்டுக் கேட்க மாட்டார்.

அடுத்தது பாதுகாப்பு. இதைச் சொல்கிறவர்கள் எல்லோரையும் நான் தள்ளிவிட மாட்டேன், அம்மாவும் இதைத்தான் சொல்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கிளம்புகிற ஆள் இல்லை. புது ஊருக்கு இருட்டுகிற முன்னால் போய்ச் சேர்கிற மாதிரிதான் பஸ் பார்ப்பேன். லொகேஷனை சிநேகிதிக்கு அனுப்பிவைப்பேன். 181 மகளிர் உதவி எண் என் போனில் முதல் பெயராக இருக்கிறது. ஆனால் ஒன்றை நீங்கள் யோசிக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். குடும்பத்தில் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை செய்கிற இடத்தில் ஒருவர். கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்ணைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற நாம், கல்யாண மண்டபத்து மாடிப்படியில், பண்டிகைக்குக் கூடிய வீட்டில் நடந்ததைச் சொன்ன பெண்களிடம் என்ன சொன்னோம்? "விடும்மா, பெரிய விஷயமாக்காத." எனக்கு அது சொல்லப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

"உனக்குச் சம்பளம் வருது, நீ போற. எல்லாராலயும் முடியுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். முடியாதுதான். முடிகிற நானும் போகக் கூடாதா?

பாதுகாப்பு என்று பேசுகிறவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். தனியாகப் போகிற பெண்ணுக்குப் பெரிய ஆபத்து ராத்திரி தங்க இடம் கிடைக்காமல் தெருவில் நிற்பது. அதை உண்டாக்குவது இதே பாதுகாப்புப் பேச்சுதான். ஒரு தடவை ஒரு கோயில் ஊரில் (பெயர் வேண்டாம்) பஸ் லேட்டாகி இருட்டின பிறகு இறங்கினேன். லாட்ஜில் ஆதார் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சிங்கிள் லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா, ஓனர் சொல்லியிருக்காரு" என்றார் கவுண்டரில் இருந்தவர். அடுத்த லாட்ஜிலும் அதே பதில். அதற்கு அடுத்ததில், "அப்பா நம்பர் குடுங்க, பேசிட்டுத் தரோம்" என்றார்கள். நான் வேலைக்குப் போய், வரி கட்டி, ஓட்டுப் போடுகிற பெண். ஒரு ராத்திரி படுத்துத் தூங்க அப்பாவின் அனுமதி வேண்டியிருக்கிறது. கொடுத்தேன். என்ன செய்ய, இருட்டிவிட்டது. அப்பா அவரிடம், "ஆமாங்க, எம் பொண்ணுதான், குடுங்க" என்று சொன்னது ரிசப்ஷன் முழுக்கக் கேட்டது. எனக்கு முன்னால் ஓர் ஆள் வந்தார். தனியாகத்தான் வந்தார். அவரிடம் ஏசி ரூமா, நான்-ஏசி ரூமா என்று மட்டும் கேட்டு சாவியை எடுத்துக் கொடுத்தார்கள்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, கடை, உணவகம், தங்கும் விடுதி போன்ற இடங்களுக்குள் போவதற்குப் பாலினத்தை மட்டும் காரணமாக வைத்து யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1950-லிருந்து இருக்கிறது. அந்த கவுண்டரில் நின்று சட்டம் பேச எனக்குத் தெம்பு இல்லை. பையைக் கீழே வைத்தால் போதும் என்றிருந்தது.

சரி, நம்ம மரபு என்று ஒன்றை எடுத்துக்கொண்டு வருகிறீர்கள். பெரியப்பா தினமும் காலையில் ஔவையின் வரி ஒன்றைப் படத்தோடு போடுகிறவர். நானும் லைக் போட்டிருக்கிறேன். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, பிற்காலத்தில் ஆத்திசூடி பாடின ஔவை, இருவரும் வேறு வேறு என்கிறார்கள் அறிஞர்கள். இரண்டு பேருமே ஊர் ஊராக நடந்தவர்களாகத்தான் நம் மனசில் இருக்கிறார்கள். ஆனால் கதையில் அவருக்கு அந்த வழி எப்படிக் கிடைத்தது? கல்யாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளையாரிடம் போய் அழுது, இளமையைக் கொடுத்துவிட்டுக் கிழவியானார். அதன் பிறகுதான் கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்ப முடிந்தது.

தரங்கம்பாடிக்கு அந்தப் பக்கம் காரைக்கால். காரைக்கால் அம்மையார் கதையும் இதேதான். புனிதவதி என்ற பெயரில் குடும்பப் பெண்ணாக இருந்த வரைக்கும் அவர் தனியாக எங்கும் போனதாகக் கதையில் இல்லை. இந்த உடம்பின் அழகு வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று கேட்டு வாங்கிய பிறகுதான் கயிலைக்கு அவ்வளவு தூரம் போனார். கடைசியில் தலையால் நடந்து போனார். வழியில் பார்த்தவர்கள் பயந்து ஓடினார்கள் என்கிறது கதை. பஸ்ஸில் அந்தக் கரையோரமாகப் போகும்போது இதையேதான் நினைத்துக்கொண்டு போனேன். நம் ஊரில் ஒரு பெண் தன் இஷ்டத்துக்கு நடக்க வேண்டுமென்றால் முதலில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத உருவத்துக்கு மாற வேண்டியிருந்திருக்கிறது. இருவரையும் நான் கும்பிடுகிறேன். ஆனால் எனக்கு இந்த வயதிலேயே, இந்த முகத்தோடேயே போக வேண்டும். தலைமுடி நரைக்கிற வரைக்கும் காத்திருக்க என்னால் முடியாது.

"தன்னைத் தேடிப் போறாளாம்" என்று கீழே இன்னொருவர் எழுதியிருந்தார். அதற்கும் சிரிப்பு. நான் அப்படி எழுதவே இல்லை. எழுதியிருந்தாலும் என்ன தப்பு? உங்களுக்கு அது சினிமா வசனமாகத் தெரியலாம். எனக்கு நடந்தது ரொம்பச் சின்ன விஷயம். தனியாகப் போக ஆரம்பித்த பிறகுதான் எனக்கு எத்தனை மணிக்குப் பசிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. வீட்டில் அப்பாவும் தம்பியும் சாப்பிட்ட பிறகு அம்மாவோடு சாப்பிடுவேன். ஹாஸ்டலில் மெஸ் நேரம். ஆபீஸில் டீம் கிளம்பும்போது. பதினொன்றரைக்கே பசிக்கிற உடம்பு என்னுடையது. மத்தியானத்தில் பேசாமல் இருக்கப் பிடிக்கும். கடலை மணிக்கணக்காகப் பார்க்க முடியும், கோயிலுக்குள் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. யாரும் கூட இல்லாதபோது தப்பான பஸ் ஏறினால் நான் அழுவதில்லை, இறங்கி வழி கேட்கிறேன். பயந்த பெண் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவளுக்கு இது சின்ன விஷயமா என்று நீங்களே சொல்லுங்கள். இருபது வருஷத்துக்கு மேல் எனக்கு என்னைப் பற்றி மற்றவர்கள் சொன்னது மட்டும்தான் தெரியும்.

இப்போது தரங்கம்பாடிக்கு ஏன் போனேன் என்று சொல்கிறேன். கேட்டதற்காகச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

தாத்தாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. கும்பகோணத்திலிருந்து வேன் வைத்துப் போனார்கள். நான் கைக்குழந்தை. அங்கிருந்து தரங்கம்பாடி கூப்பிடு தூரம்தான். அம்மா அப்போது கல்யாணமாகி வந்த புதிது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் படித்த தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். வேனைத் திருப்ப நேரமில்லை, இன்னொரு தடவை பார்த்துக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். யார் சொன்னார்கள் என்று அம்மா சொல்லவில்லை. அந்த இன்னொரு தடவை வரவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ அறுபதாம் கல்யாணங்களுக்கு அம்மா திருக்கடையூர் போயிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் சாப்பாடு முடிந்ததும் வேன் நேராக வீட்டுக்குத்தான் வந்தது.

அதனால் போனேன். 1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் கட்டின கோட்டை. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். 1706-ல் வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு மணலில் எழுதித் தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்துத் தமிழில் புத்தகம் போட்ட ஊர். பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் கரையில் நிற்கிறது, முன்பக்கத்தைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது, மிச்சத்தைக் காப்பாற்றப் பாறை கொட்டியிருக்கிறார்கள். சுனாமி வந்த கரை. மீன்காரம்மா ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, "எந்த ஊரு பாப்பா, சாப்டியா?" என்று கேட்டார். யார் கூட வந்தாய் என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். அம்மா பேசவே இல்லை, கோட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா இப்போது மாறிக்கொண்டிருக்கிறாள். 2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று வந்த பிறகு, யாரிடமும் காசு கேட்காமல் பிங்க் பஸ் ஏறித் தாராசுரம் போய்வந்தாள். ஐராவதேசுவரர் கோயில், யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, உலகமே வந்து பார்க்கிறது. வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவசரப்படாமல் ஒவ்வொரு தூணாகப் பார்த்தாள். பிறகு பட்டீஸ்வரம், சுவாமிமலை. இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்று பேசுகிறவர்கள் என் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பெரியப்பா, உங்கள் ஒரு வரியால் நேற்று அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டிருக்கிறார்கள். "அவ போனதுல என்ன தப்பு? நானும் போவேன்" என்று அம்மா சொல்லியிருக்கிறாள். 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரயிலில் போக வேண்டும், ராமேஸ்வரத்தில் ஒரு ராத்திரி தங்க வேண்டுமாம். நானும் வரேம்மா என்றேன். "வேண்டாம், நான் மட்டும் போய்ப் பாக்கறேன்" என்றாள்.

கமெண்ட் பகுதியை மூடவில்லை. இதுவரை போட்ட எதையும் அழிக்கவும் இல்லை. ராமேஸ்வரத்தில், ஐம்பது தாண்டின ஒரு பெண் தனியாகப் போய் நின்றால் புருஷன் நம்பர் கேட்காமல் அறை கொடுக்கிற விடுதி தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தால் நல்லது. அம்மாவுக்கு முழங்கால் வலி, கீழ்த்தளத்தில் அறை வேண்டும்.